பின்னறையை ஒழித்துவிட்டேன்

அன்புள்ள தம்பிக்கு,

அன்று போனில் தயங்கித் தயங்கிக் கேட்டாய், வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் யாரும் வராமல் ஒரு ரூம் கிடைக்குமா என்று. பெங்களூரில் நேரில் போய்ப் பார்க்கிற கவுன்சலரிடம் இங்கிருந்து வீடியோவில் பேசுவதற்கு என்று நீ சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. சரி சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். மிச்சத்தை எழுதுகிறேன்.

உன் பழைய அறை வேண்டாம். அது தகரக் கூரை. கூடலூர்ப் பக்கம் ஆடியில் கொட்டுகிற மழை நம் கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான். அது பிடித்துக்கொண்டால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் பேசுவதே கேட்காது. மைக்கிலும் மழைதான் போகும். தாத்தா படுத்திருந்த பின்னறை கான்கிரீட், அதை ஒழித்து வைத்திருக்கிறேன்.

ஒழித்த கையோடு அப்பாவை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தி, பேப்பரைச் சாதாரணக் குரலில் படிக்கச் சொன்னேன். நான் கூடத்தில் நின்றேன். பச்சைத் தேயிலை விலையிலிருந்து கண்ணீர் அஞ்சலி வரை ஒரு எழுத்து விடாமல் காதில் விழுந்தது. நடுவில் இருப்பது பலகைத் தடுப்புதானே, மேலே ஒரு சாண் இடைவெளி வேறு. அப்பா மறுநாளே ஆசாரியை வரவழைத்து அதை அடைத்தார். கதவின் உள்பக்கம் பழைய கம்பளியைத் தொங்கவிட்டு, கீழ் இடுக்கில் துணியைச் சுருட்டி வைத்தேன். மறுபடி படித்தார். முணுமுணுப்பு கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. அந்த ஒரு மணி நேரமும் கூடத்தில் ரேடியோ பாடும், நாங்கள் முன் வராந்தாவில் இருப்போம். நீயும் ஹெட்போன் மாட்டிக்கொள், கவுன்சலர் பேசுவது உனக்கு மட்டும் கேட்கும்.

இவ்வளவு ஏன் பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியும். பன்னிரண்டாவது படிக்கும்போது ஒரு ராத்திரி என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, "எதுவுமே பிடிக்கலம்மா, காலைல எந்திரிக்கவே தோணல" என்றாய். மறுநாளே அதைச் சித்தியிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வந்தவள் பந்தியில் எல்லோர் முன்னாலும் உன்னிடமே கேட்டுவிட்டாள். பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாய். அதற்கப்புறம் இந்தப் பதினோரு வருஷமும் "நல்லா இருக்கேம்மா" என்பதைத் தவிர நீ என்னிடம் எதுவும் சொன்னதில்லை. பயத்தில்தான் சொன்னேன். ஆனாலும் அது நீ என்னை நம்பிச் சொன்னது. என்னை மன்னித்துவிடு தம்பி.

சிகிச்சைக்கு வருகிறவர் சொல்வதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. இந்த வீட்டுக்கும் அதுதான். நான் ஒன்றும் கேட்க மாட்டேன். அப்பாவும் கேட்க மாட்டார்.

மேஜையை ஜன்னலைப் பார்த்துப் போட்டிருக்கிறேன். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துப்போகிறது. நாலு மணிக்கே மூடுபனி இறங்கிவிடுகிறதால் டேபிள் லைட் ஒன்றும் இருக்கிறது. ரவுட்டரை இன்வெர்ட்டரோடு சேர்த்தாயிற்று. காற்றில் மரம் விழுந்து லைனே அறுந்தால் யார் யாரைப் போனில் கூப்பிடுவது என்று கவுன்சலரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள். பாதிப் பேச்சில் அறுந்து, தனியாக உட்கார்ந்திருப்பது கஷ்டம்.

அப்புறம், நீ இருக்கும் இடம் அவருக்குத் தெரிய வேண்டும். முதல் நாளே நம் விலாசத்தையும், பக்கத்தில் இருப்பது கோத்தகிரி அரசு மருத்துவமனை என்பதையும், அவசரத்துக்கு ஒருவர் நம்பரையும் கொடுத்துவிடு. என் நம்பரைத்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை, உன் சிநேகிதன் நம்பரைக் கொடுத்தாலும் எனக்கு வருத்தமில்லை. நடுராத்திரியில் மனசு தாங்கவில்லை என்றால் வியாழன் வரை காத்திருக்காதே, என்னை எழுப்பு. என்னிடம் வேண்டாம் என்று தோன்றினால் 14416. டெலி மானஸ் என்று மனநல உதவிக்காக 2022-இல் மத்திய அரசு தொடங்கிய போன் சேவை. காசில்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அதை மேஜை டிராயருக்குள் எழுதி ஒட்டியிருக்கிறேன். கூடத்துக் காலண்டரில் எழுதவில்லை.

முடிந்ததும் வெளியே வந்து எங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றில்லை. சாப்பாடு மூடி இருக்கும், பசிக்கும்போது எடுத்துக்கொள். நடக்கத் தோன்றினால் வாசலிலேயே நட. இருட்டிய பிறகு தேயிலைத் தோட்டத்துப் பக்கம் போகாதே, காட்டெருமை ரோட்டுக்கே வருகிறது, கரடியும் நடமாடுகிறது.

ஆசாரி வந்தபோது இன்னொரு வேலையும் வாங்கினேன். அந்தக் கதவுக்கு வெளியேதான் தாழ்ப்பாள் இருந்தது, தாத்தா மறதியில் எழுந்து போய்விடக் கூடாது என்று போட்டது. அதைக் கழற்றி உள்பக்கம் வைக்கச் சொல்லிவிட்டேன். கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, கதவை லேசாகத் தூக்கினாற்போல் பிடித்துத் தள்ளு, விழும்.

அன்புடன்,
அம்மா