ரிட்டர்ன் டிக்கெட்டோடு வா

அன்புள்ள கண்ணம்மா,

போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் பாதியில் அழுதுவிடுவேன், நடுவில் அப்பா போனை வாங்கி நெல் விலை பேச ஆரம்பித்துவிடுவார். அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். அந்தக் காலம் மாதிரிப் பத்து நாள் காத்திருக்க வேண்டாம்.

முதலில் ஊர்ச் சேதி. இந்த 2025ஆம் வருஷம் தேதி தவறாமல் ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தார்கள். 15ஆம் தேதி கல்லணை. அரசலாற்றில் தண்ணீர் தலைகாட்டிய அன்று அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாலத்துக்குப் போனவர், பதினோரு மணிக்குத்தான் காப்பி குடிக்க வந்தார். போன வருஷம் ஜூலை 28 வரைக்கும் திறக்கவில்லை, நினைவிருக்கிறதா? நீங்கள் ஷார்ஜாவிலிருந்து வந்து இறங்கியபோது ஆற்றில் மாடு மேய்ந்தது. உன் சின்னவள் "அம்மாச்சி, ஆறு எங்கே?" என்று கேட்டாள். இந்த முறை அப்படிக் கேட்க மாட்டாள். நம் மூன்று மா வயலிலும் குறுவை நடவு ஆகிவிட்டது. மெஷின் நடவுதான். ஆள் கிடைக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பெரியவளை இந்த லீவோடு இங்கேயே விட்டுவிட்டுப் போகலாம் என்று நீ வெள்ளிக்கிழமை சொன்னாய். கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடுவிலும் எட்டாவதுக்கு இடம் தருவார்கள் என்று விசாரித்தும் வைத்திருக்கிறாய். அவளுக்கு மட்டும் ஒரு வழி டிக்கெட் போடவா என்று கேட்டாய். நான் "அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். அப்பாவிடம் சொன்னதும் அவர் மாடி அறையைத் திறந்து ஒட்டடை அடிக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த நாள் கொத்தனாரைக் கூட்டி வந்து, மாடியிலேயே ஒரு பாத்ரூம் வைக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? எண்ணெய் தேய்த்துவிட ஒரு தலை, "ஏன் அம்மாச்சி, எதுக்கு அம்மாச்சி" என்று நச்சரிக்க ஒரு வாய். எட்டு அறை வீட்டில் இரண்டு கிழங்கள் டிவி சத்தத்தை நம்பி உட்கார்ந்திருக்கிறோம். அன்று ராத்திரி முழுக்க அவளுக்கு என்னென்ன சமைத்துப் போடலாம் என்றே யோசித்தேன். விடியற்காலையில்தான் உன் நினைப்பு வந்தது. இப்போதைய நீ இல்லை, பதிமூன்று வயது நீ.

வேண்டாம் கண்ணம்மா. அவளை அனுப்பாதே.

1996இல் உன்னை ஏன் அனுப்பினோம் என்று நீ ஒரு தடவைதான் கேட்டாய், அதையும் வேறு மாதிரிக் கேட்டாய். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, மருதாணிக் கையோடு உட்கார்ந்துகொண்டு, "தங்கச்சிய மட்டும் ஏம்மா உங்ககூடவே வச்சுக்கிட்டீங்க?" என்றாய். நான் பூக்காரரைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். பதினாறு வருஷம் கழித்து இப்போது சொல்கிறேன்.

மஸ்கட்டில், ரூவியில், நாம் இருந்த கட்டடத்தில் மூன்றாம் மாடி முழுக்க பேச்சிலர்கள். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து லிப்டில் ஏறுவாய். நான் ஜன்னலில் நின்றுகொண்டு பஸ் வந்ததிலிருந்து கதவு தட்டுகிற வரைக்கும் எண்ணிக்கொண்டிருப்பேன். உனக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை. தப்பாக ஒரு வார்த்தை பேசியவர்கூட இல்லை. இருந்தாலும் பயம். நீ பெரியவளானதும் தாத்தா ஒரு கடிதம் போட்டார். "குமரியான பிள்ளையைப் பாலைவனத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய்" என்று. அந்த வருஷம் நமக்குத் தெரிந்த நான்கு குடும்பத்தில் பெண்களை ஊருக்கு அனுப்பினார்கள். நாங்களும் அனுப்பினோம். நம் பழக்கவழக்கம் வரட்டும், தமிழ் வரட்டும், கோயில் குளம் தெரியட்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டோம். பயத்தைப் பயம் என்று சொல்ல வெட்கம், அதனால் இத்தனை பேர் வைத்தோம்.

நீ வந்து இறங்கின வாரமே பந்தல் போட்டு, விடிகாலையில் ஸ்பீக்கர் கட்டி, உனக்கு மஞ்சள் நீராட்டு செய்தோம். உனக்கு முகம் தெரியாத இருநூறு பேர் வந்து சந்தனம் தடவிவிட்டுப் போனார்கள். அந்தப் போட்டோ ஆல்பத்தை நேற்று எடுத்துப் பார்த்தேன். ஒரு படத்தில்கூட நீ கேமராவைப் பார்க்கவில்லை.

அப்புறம் நாலு வருஷம். அப்போது நம் வீட்டில் போன் கிடையாது. எதிர்வீட்டுக்கு வெள்ளிக்கிழமை நான் பேசுவேன். நீ ஓடி வருவாய். அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்க, "நல்லாருக்கேன், சாப்ட்டேன், படிக்கிறேன்" என்பாய். கடிதத்திலும் அதுவேதான். அப்பாயி நலம், பசு கன்று போட்டது, கணக்கில் எண்பத்தைந்து. நான் அதைப் படித்துவிட்டு, பிள்ளை நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசினேன். அப்பாயி உன்னை ஆற்றுக்கு விடவில்லை, தோழி வீட்டுக்கு விடவில்லை, அந்த மூன்று நாளும் கொல்லைப்புறத்து அறையில் தனியாகப் படுக்க வைத்தார் என்பதெல்லாம் அப்பாயி போன பிறகுதான் எனக்குத் தெரியும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மருமகளின் பெண்ணைப் பத்திரமாகத் திருப்பித் தர வேண்டுமே என்று அவருக்கு என்னைவிடப் பயம்.

நீ ஊருக்கு வந்து ஆறு மாதம் தாண்டியதும் உன் ஓமன் விசா காலாவதியாகிவிட்டது. அடுத்த லீவுக்கு உன்னை அழைத்துக்கொள்ள அப்பா விசிட் விசா எடுத்தார். அப்பா அம்மா இருக்கிற வீட்டுக்கு விசிட் விசா. அப்போது எனக்கு அது வெறும் காகித வேலையாகத்தான் தெரிந்தது.

உறைத்தது எப்போது தெரியுமா? 1998இல் நான் ஊருக்கு வந்தபோது. திண்ணையில் நின்றுகொண்டிருந்தாய். ஓடி வந்து கட்டிக்கொள்ளப் போகிறாய் என்று பையைக் கீழே வைத்தேன். நீ "வாங்கம்மா" என்று சொல்லி, உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாய். அதுவரைக்கும் "வாம்மா, போம்மா" என்றுதான் உனக்கு வரும். அத்தை, பெரியம்மா எல்லாருக்கும் உன் அடக்கத்தைப் பார்த்து ஒரே சந்தோஷம். நான் அந்தத் தண்ணீரைக் குடித்தேன்.

உன் தங்கைக்குப் பதிமூன்று வயது ஆனது 2002இல். தாத்தா மறுபடி கடிதம் போட்டார். இந்த முறை அப்பாவே "அனுப்ப மாட்டோம்" என்று பதில் எழுதிவிட்டார். உன்னைவிட அவள்மேல் பாசம் அதிகம் என்று நினைத்துவிடாதே. உன்னிடம் பட்டதை வைத்துத்தான் அவளை விடவில்லை. அவள் என்னைப் படுத்தியது கொஞ்சமில்லை. கதவை அறைந்து சாத்துவாள், அரை நாள் பேச மாட்டாள், ஆங்கிலத்திலேயே திட்டுவாள். 2007 ஜூனில் கோனு புயல் வந்து மஸ்கட்டில் வாடி என்கிற காய்ந்த ஓடைகளிலெல்லாம் வெள்ளம் போனபோது எங்களுக்குக் கரண்டும் இல்லை, தண்ணீரும் இல்லை. மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு அவள் இஞ்சினியரிங் படிக்கப் போவதில்லை என்பதிலிருந்து, எந்தப் பையன் எப்போது என்ன சொன்னான் என்பது வரைக்கும் அத்தனையும் என்னிடம் கொட்டினாள். எனக்குக் கோபம் வந்தது, திட்டினேன், அவளும் திட்டினாள். ஆனால் அவள் மனசில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்தது. உன் பதினைந்தாவது வயதில் உன் மனசில் என்ன ஓடியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இப்போது நீ சொல்கிற புகார்களைப் பார். எதிர்த்துப் பேசுகிறாள், அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள், போனே கதி, தோழி வீட்டில் ராத்திரி தங்கணும் என்கிறாள். இதெல்லாம் ஷார்ஜா வியாதி இல்லையடி. நம் தெருவில் எட்டாவது படிக்கிற பிள்ளைகள் கையிலும் அதே போன்தான், அதே ரீல்ஸ்தான். டியூஷன் முடிந்து இருட்டில் சைக்கிளில் வருகிறதுகளைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நீ அனுப்ப நினைக்கிற ஊர் உன் நினைப்பில்தான் இருக்கிறது. ஏன், நீ இருந்தபோதே அது அப்படி இருந்ததா?

இங்கே பெண்கள் மாறிய வேகம் உனக்குத் தெரியாது. 2021இலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. காலை பஸ்ஸில் போய் ஏறிப் பார், நிற்க இடமிருக்காது, எல்லாம் கும்பகோணம் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் பேங்கில் விழுகிறது. நமக்கு நடவுக்கு வருவாளே, அவளுடைய பேத்தி நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டுக்குப் போக ஆங்கில வகுப்புக்குப் போகிறாள். வயல்காட்டுப் பெண் வெளிநாடு போகப் படிக்கிறாள், நீ உன் பெண்ணை அடக்கமாக வளர இங்கே அனுப்புகிறேன் என்கிறாய். எனக்குச் சிரிப்பு வந்தது, கோபித்துக்கொள்ளாதே.

மாப்பிள்ளை அன்றைக்கு ஒன்று சொன்னார். அங்கே மகனைத்தான் குறிப்பிட்ட வயது வரை அப்பா தன் விசாவில் வைத்துக்கொள்ள முடியுமாம், கல்யாணமாகாத மகளுக்கு வயது வரம்பே இல்லையாம். அந்த நாட்டுச் சட்டமே உன் பெண்ணை உன்னோடு வைத்துக்கொள் என்கிறது, நீ ஏன் அவசரப்படுகிறாய்?

உன் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஷார்ஜாவில் 2022இலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் லீவு. உங்கள் இரண்டு பேருக்கும் வெள்ளிக்கிழமை ஆபீஸ். இரண்டு பிள்ளைகளும் ஃபிளாட்டில் தனியாகக் கிடக்கின்றன. அதை நினைத்து நீ ஆபீஸில் உட்கார்ந்து தவிக்கிறாய். நான் ஜன்னலில் நின்றேன், நீ கேமராவில் பார்க்கிறாய், அவ்வளவுதான் வித்தியாசம். அதற்கு நான் யோசித்து வைத்திருப்பது இது. வெள்ளிக்கிழமை காலை வீடியோ காலில் அவர்கள் என்னோடு சமைக்கட்டும். முதல் வாரம் எலுமிச்சை சாதம், அடுப்பு பக்கம் அதிகம் போக வேண்டாம். பெரியவள் சமைக்கும்போது சின்னவள் தமிழ்ப் பேப்பரில் அரைப் பக்கம் எனக்குப் படித்துக் காட்டட்டும். அரபு எழுத்தை வலமிருந்து இடமாக அச்சு மாதிரி எழுதுகிற பிள்ளைக்கு ழகரமா வராது? தை அறுவடை முடிந்ததும் பிப்ரவரியில் நானும் அப்பாவும் இரண்டு மாதம் அங்கே வந்து இருக்கிறோம். அப்பா சம்பாவைக் காரணம் காட்டுவார். நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட் இருக்கிறது, முழங்கால்தான் கொஞ்சம் தகராறு.

சடங்கு பற்றிக் கேட்டாயே, அவளிடமே கேட்டுவிட்டேன். "பஸ் ஸ்டாண்டுல என் போட்டோவோட ஃப்ளெக்ஸ் வைப்பீங்களா அம்மாச்சி?" என்று அலறினாள். போன மாதம் பெரிய தெருவில் ஒரு பெண்ணுக்கு இருபதடியில் வைத்திருந்ததை வீடியோ காலில் நான்தான் காட்டித் தொலைத்தேன். வைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். ஒரு பட்டுப்பாவாடை, உளுந்தங்களி, நல்லெண்ணெய், வீட்டு ஆட்கள் மட்டும். களி பிடிக்கவில்லை என்றால் கருப்பட்டி கூடப் போட்டுத் தருகிறேன். அதற்கும் மாட்டேன் என்றால் விட்டுவிடலாம்.

இந்த வருஷம் ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை. உங்கள் லீவும் ஆற்றுத் தண்ணீரும் ஒத்துப்போவதுதான் வளைகுடாவில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரே லாபம். இங்கே இருக்கிறதுகளுக்கு ஆறு காய்ந்துகிடக்கிற ஏப்ரல் மேயில்தான் லீவு. காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு எல்லாம் நான் வாங்கி வைக்கிறேன். பெரியவள் நீச்சல் குளத்தில் நன்றாக நீந்துகிறாள் என்றாய். ஆனால் ஆறு வேறு. மணல் எடுத்த பள்ளங்கள் தண்ணீருக்கடியில் தெரியாது, படித்துறையைத் தாண்டக் கூடாது என்று இப்போதே சொல்லிவை. உன்னையும் கூட்டிப் போகிறேன். நாலு வருஷம் இந்த ஆற்றங்கரையில் இருந்தும் நீ அதில் கால் நனைத்ததில்லை.

திரும்பிப் போகும்போது மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுக்க எந்த ஊறுகாய் என்று கேட்டு எழுது. நாலு பேருக்கும் ரிட்டர்ன் டிக்கெட் போடு. மாடி பாத்ரூமுக்கு அப்பா இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. அவரிடம் நீயே பேசிவிடு, எனக்குத் தைரியம் இல்லை.

அன்புடன்,
அம்மா