கக்கனின் சட்டமன்ற உரைகளைத் தொகுக்க நன்கொடை வேண்டுகிறோம்

அன்புடையீர், வணக்கம்.

கக்கன் என்றதும் மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டும், அங்கே நோயாளியாகக் கிடந்த அவரை முதல்வர் எம்.ஜி.ஆர். கண்டு திகைத்ததும்தான் மேடைதோறும் பேசப்படுகின்றன. உண்மைதான். ஆனால் காமராஜர், பக்தவத்சலம் ஆட்சிகளில் பத்தாண்டுகள் அமைச்சராக இருந்தவர் என்ன வேலை செய்தார் என்று கேட்டால், பேசியவரே தண்ணீர்க் குவளையைத் தேடுகிறார். அவர் ஏழையாக வாழ்ந்ததைக் கொண்டாடியே அவரது உழைப்பை மறந்துவிட்டோம்.

1908-இல் மேலூர் வட்டத்துத் தும்பைப்பட்டியில் பூசாரி வீட்டில் பிறந்தவர். 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் வைத்தியநாதய்யருடன், அதுவரை தாழ்த்தப்பட்டோருக்கு மூடிக் கிடந்த மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர். 1952-இல் மக்களவைக்கும், 1957-இல் மேலூரிலிருந்தும் 1962-இல் சமயநல்லூரிலிருந்தும் சட்டமன்றத்துக்கும் சென்றார். 1959-இல் வைகை அணை திறக்கப்பட்டபோது பொதுப்பணித் துறை அவர் பொறுப்பில் இருந்தது. பெரியாற்றுப் பாசனத்தின் கடைமடைக்காரர் ஒருவர் அந்த இலாகாவுக்கு வந்ததன் அருமை, வாய்க்காலில் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தவர்களுக்குத் தெரியும். பிறகு வேளாண்மை, 1963 முதல் உள்துறை.

அவர் பேசியவை சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்து, உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளோடு சேர்த்து நூலாக்குகிறோம். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது உள்துறை அமைச்சர் அவர்தான். அந்தப் பகுதியை விட்டுவிடலாமே என்று பெரியவர்கள் சிலர் சொன்னார்கள். விடப்போவதில்லை. எதிர்க்கட்சியினரின் கேள்வி ஒரு வரிகூடக் குறையாமல் அச்சாகும். அவரது பதிலும் அப்படியே. வேண்டியதை மட்டும் பொறுக்கிப் போட்டால் அது மலர்மாலையாகும், நூலாகாது.

நகலெடுக்க, தட்டச்சு செய்ய, மெய்ப்புப் பார்க்க, அச்சிட என்று எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். நூறு ரூபாயானாலும் ரசீது உண்டு; வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் ஊர் நூலகப் பலகையில் ஒட்டப்படும். எந்தக் கட்சியிடமும் வாங்குவதில்லை என்று முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துவிட்டோம். மேலூர் வட்டத்து அரசுப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் நூலை இலவசமாகத் தருவோம்.

பணம் தர இயலாதவர்கள் நான்கு பக்கம் மெய்ப்புப் பார்த்துத் தாருங்கள். வீட்டுப் பரணில் பழைய தேர்தல் துண்டறிக்கையோ, அவர் எழுதிய கடிதமோ, புகைப்படமோ இருந்தால் தெரிவியுங்கள். வீட்டுக்கே வந்து உங்கள் கண்முன் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பித் தந்துவிடுவோம். அவர் பிறந்தநாளான ஜூன் 18 அன்று நூல் வெளிவர வேண்டுமானால், பொங்கலுக்குள் அச்சகத்துக்கு முன்பணம் கட்டியாக வேண்டும்.

இப்படிக்கு,
தொகுப்புக் குழுவினர்,
மேலூர் வட்டம்