ரன் என்றால் ஓடு

நியூகாசில்
ஞாயிறு மாலை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் சுகம். போன வாரம் போனில் வார்டில் நடந்த கதை ஒன்றைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினேன், ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். சாப்பாட்டு நேரத்தில் சொல்லக்கூடிய கதை இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன். சாப்பிட்டு முடித்தபின் படியுங்கள்.

கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் திங்கள்கிழமை காலையில் எங்கள் வார்டுக்கு வந்தார். கட்டிலில் கிரிக்கெட் பக்கம் விரித்தபடி பேப்பர் கிடந்தது. என்ன செய்கிறது என்று கேட்டேன். "ஐ ஹேவ் ஹேட் த ரன்ஸ் சின்ஸ் சாட்டர்டே" என்றார். சனிக்கிழமை ஏதோ கிளப் மேட்ச் போலிருக்கிறது, இந்த வயதிலும் மட்டை பிடிக்கிறாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம். "எத்தனை?" என்றேன். "இன்று காலையிலிருந்து மட்டும் பதினொன்று" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "நாட் அவுட்டா?" என்று கேட்டுவிட்டேன்.

பெரியவர் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் சிரித்த சிரிப்பில் அவர் மறுபடி எழுந்து போகவேண்டியதாகிவிட்டது. திரும்பி வந்து, வார்டு முழுக்கக் கேட்கும்படி "பன்னிரண்டு" என்றார்.

'த ரன்ஸ்' என்றால் வயிற்றுப்போக்கு அப்பா. நமக்கு வயிறு போகும், இவர்களுக்கு ஓடும். நல்லவேளை, பேதி என்று வருபவரிடம் நர்ஸ் முதலில் கேட்கவேண்டிய கேள்வியே எத்தனை தடவை என்பதுதான். அதனால் சார்ட்டில் நான் எழுதியது சரியாகவே இருந்தது. ஆனால் அன்றிலிருந்து எங்கள் சிஸ்டர் என்னைப் பார்த்தால் "ஸ்கோர் என்ன?" என்கிறார்.

எட்டாம் வகுப்பில் நீங்கள் கரும்பலகையில் எழுதிப்போட்டது அப்படியே கண்ணில் நிற்கிறது. ரன், ரேன், ரன். பக்கத்தில் 'ஓடு'. லிஃப்கோ அகராதியில் அதற்கு மேலும் ஏதேதோ போட்டிருந்தது, நான் முதல் வரியோடு மூடிவிட்டேன். நர்ஸ் வேலைக்கான ஓஇடி ஆங்கிலத் தேர்வுக்கு மாதக்கணக்கில் படித்தபோதும், எனக்குத் தெரிந்த சொல் என்று நினைத்து இதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. இப்போதுதான் தேடிப் படித்தேன். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் வருடப் பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற சொல்லுக்காம். வினைச்சொல்லாக மட்டும் 430 பொருள். அதன் பிறகு பதிவுகளைத் திருத்தி எழுதியபோது 'ரன்' அதை முந்திவிட்டது. வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்திருக்கிறார். ஒன்பது மாதம்! நீங்கள் அதை ஒரு பீரியடில் முடித்துவிட்டீர்கள்.

இங்கே எட்டு மணி நேர வேலையில் அந்தச் சொல் காதில் விழாத பத்து நிமிடம் கிடையாது. காய்ச்சல் அடித்தால் 'ரன்னிங் எ டெம்பரேச்சர்'. மூக்கு ஒழுகினால் அதுவும் ரன். நம் ஊரில் குளுக்கோஸ் ஏறும், இங்கே ஓடும். கையுறை தீர்ந்தாலும் ரன், டாக்டர் தாமதமாக வந்தாலும் ரன். குளிக்கத் தொட்டியில் தண்ணீர் பிடிப்பதற்கும் ரன்தான். ஒரு பாட்டி, "ஐ ஃபீல் ரன் டவுன்" என்றார். பதறிப்போய் எந்த வண்டி இடித்தது என்று கேட்டேன். உடம்பு அசந்துபோயிருக்கிறது என்று சொன்னாராம். அதற்கு அடுத்த நிமிடமே சிஸ்டர் வந்து என்னிடம் "ரன் டவுன்" கேட்கிறார். அது நோயாளிகளின் நிலவரத்தைச் சுருக்கமாகச் சொல்வது. ஒட்டி எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பதில் வேறுபாடு உண்டாம். காதுக்கு அது எங்கே தெரிகிறது?

முதல் இரண்டு மாதம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆளுக்கொரு சொல் கண்டுபிடிக்கச் சோம்பேறித்தனம், ஒரே சொல்லை வைத்து ஊரையே ஓட்டுகிறார்கள் என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் 'ஓட்டுகிறார்கள்' என்று நானே சொன்னது உறைத்தது. நம் தெருவில் தறி ஓடும். கடிகாரம் ஓடும். படம் நூறு நாள் ஓடும். கவலை வந்தால் மனதில் அதே ஓடிக்கொண்டிருக்கும், பரீட்சையில் ஒன்றுமே ஓடாது. மாசக் கடைசியில் அம்மா "ஏதோ ஓடுது" என்பாள். இவ்வளவையும் ஒரு வெள்ளைக்காரப் பையன் வந்து படிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு மேலே போட்டிருப்பதும் ஓடு, ஆமை முதுகில் இருப்பதும் ஓடு என்று சொன்னால் அவன் ஊருக்கே திரும்பிப் போய்விடுவான்.

அமெரிக்காவில் சில பகுதிகளில் சிறிய ஓடைக்கே 'ரன்' என்று பெயர். உள்நாட்டுப் போரில் 1861இல் புல் ரன் சண்டை என்று நீங்கள் வரலாற்றுப் புத்தகத்தில் காட்டுவீர்களே, அந்தப் புல் ரன் ஒரு ஓடைதான். நாம் ஓடுவதிலிருந்து ஓடை என்றோம், அவர்களும் அதையேதான் செய்திருக்கிறார்கள்.

ஆனால் ஓரிடத்தில் மட்டும் எனக்கு நம் தமிழ்தான் பிடித்திருக்கிறது. அம்மா கடையை நடத்துகிறாள். நீங்கள் பாடம் நடத்தினீர்கள். இரண்டு பேருமாகக் குடும்பம் நடத்துகிறீர்கள். எல்லாம் நடை. இவர்கள் கடையையும் 'ரன்' செய்கிறார்கள், வீட்டையும் 'ரன்' செய்கிறார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது கூட 'ஸ்கூல் ரன்'. தேர்தலில் மட்டும் பிரிட்டிஷ்காரர்கள் நம் பக்கம். அமெரிக்காவில் வேட்பாளர் ஓடுவார், இங்கே நம் ஊர் மாதிரியே நிற்பார்.

அந்தக் கப்பல் பெரியவரைப் பற்றி இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். உடம்பு தேறியதும் தினமும் கூப்பிட்டு எனக்குப் பாடம் எடுப்பார். ஒருநாள், 2007இல் 'ரன் ஆன் த ராக்' நடந்தபோது தான் நாள் முழுக்க வெயிலில் நின்றதாகச் சொன்னார். இந்த ஊரில் கிரேட் நார்த் ரன் என்று ஓர் ஓட்டப்பந்தயம் உண்டு. 1981இல் தொடங்கியது. நியூகாசிலில் புறப்பட்டு, டைன் பாலத்தைத் தாண்டி, கடற்கரையில் சவுத் ஷீல்ட்ஸ் வரை 21 கிலோமீட்டர். அதே மாதிரி பாறை மேல் ஓடும் பந்தயம் போலிருக்கிறது, இவர் வேடிக்கை பார்க்க நின்றிருக்கிறார் என்று நினைத்தேன். இல்லையாம். நார்தர்ன் ராக் என்று இந்த ஊரில் ஒரு வங்கி இருந்ததாம். பணம் போய்விடும் என்று பயந்து, அந்தச் செப்டம்பரில் ஜனங்கள் போட்டதை எடுக்கக் கிளைகள் முன்னால் வரிசை கட்டியிருக்கிறார்கள். மறு வருடம் பிப்ரவரியில் அரசாங்கம் வங்கியை எடுத்துக்கொண்டது. "ரன் என்கிறீர்கள், யாருமே ஓடவில்லையே?" என்று கேட்டேன். "இது இங்கிலாந்து. நாங்கள் வரிசையில்தான் ஓடுவோம்" என்றார். வீட்டுக்குப் போகும்போது கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

உங்கள் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது? குடும்பத்தில் வழிவழியாக வருகிற வியாதியையும் இங்கே குடும்பத்தில் 'ஓடுகிறது' என்றுதான் சொல்கிறார்கள். எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டேன், பயமில்லை. நீங்கள் மூன்று மாதமாகப் பார்க்கவில்லை என்று அம்மா போட்டுக்கொடுத்துவிட்டாள். இந்த வாரம் போய்ப் பாருங்கள். காலை நடையையும் விடாதீர்கள்.

இன்று நைட் டியூட்டி. மணி ஏழாகப் போகிறது, பஸ்ஸுக்குப் போக வேண்டும். அம்மாவிடம் சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்

பி.கு. பருப்புப்பொடி ரன் அவுட். யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஒரு கிலோ கொடுத்துவிடச் சொல்லுங்கள். பூண்டு கூட இருக்கட்டும்.