குடிமீட்பு இயக்கமும் அது படித்த நூல்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடிநோயாளர்கள் ஒருவருக்கொருவர் துணைநின்று குடியிலிருந்து மீளும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ (ஏ.ஏ.) இயக்கத்தைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து அக்ரன் நகரில் பங்குத்தரகர் பில் வில்சனும் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தும் சந்தித்ததிலிருந்து, மீட்புக்கான வழியாக அந்த இயக்கம் வகுத்த பன்னிரண்டு படிகள் எழுதப்பட்டது வரை தெளிவாகச் சொன்ன அக்கட்டுரை, அந்தப் படிகளுக்கு முன் அவர்கள் எதைப் படித்தார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டது. மீட்பு மையம் ஒன்றில் குடிநோயாளர்களோடும் அவர்கள் குடும்பத்தாரோடும் பல ஆண்டுகளாகப் பழகி வருபவன் என்ற முறையில், இதைச் சிறிய விடுபடலாக என்னால் கருத முடியவில்லை.

1935 கோடையில் பில் வில்சன் டாக்டர் பாபின் வீட்டில்தான் தங்கியிருந்தார். பாபின் மனைவி ஆன், கணப்பருகே மூலையில் அமர்ந்து விவிலியத்தை வாய்விட்டுப் படிப்பார். ஆண்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். புதிய ஏற்பாட்டிலுள்ள யாக்கோபின் நிருபத்தின் (கடிதத்தின்) மீது அந்தத் தொடக்கக்காரர்களுக்கு இருந்த பிடிப்பு எத்தகையது என்றால், இயக்கத்துக்கே யாக்கோபின் பெயரைச் சூட்டலாம் என்று சிலர் விரும்பினார்கள். இயேசுவின் மலைப்பிரசங்கம், கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரம், யாக்கோபின் நிருபம் ஆகிய மூன்றுமே தமக்கு இன்றியமையாதவையாக இருந்தன என்று 1948இல் டெட்ராய்ட் நகரில் பேசும்போது டாக்டர் பாப் கூறினார்.

ஐந்தே அதிகாரங்கள் கொண்ட அந்த நிருபத்தை ஒரு முறை படித்தாலே காரணம் விளங்கிவிடும். கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று அது சொல்கிறது. இன்னும் குடித்துக்கொண்டிருப்பவரைத் தேடிப் போய் உதவாவிட்டால் தமது மீட்பும் நிலைக்காது என்று அவர்கள் நம்பியதற்கு இதைவிட நெருக்கமான வாசகம் இல்லை. ‘உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்’ என்றும் அதே நிருபம் கூறுகிறது. தன் தவறுகளை இன்னொரு மனிதரிடம் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்ளச் சொல்லும் ஐந்தாம் படி, ஃபிராங்க் புக்மன் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் பழக்கம் வழியாகவே இவர்களை வந்தடைந்தது என்றாலும், அதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

படித்தவை விவிலியத்தோடு நிற்கவில்லை. எம்மெட் ஃபாக்ஸ் மலைப்பிரசங்கத்துக்கு எழுதிய விளக்கமும், 1935இல் வெளிவரத் தொடங்கிய ‘தி அப்பர் ரூம்’ என்ற தினத் தியான இதழும் அக்ரன் வீடுகளில் கைமாறின. பில் வில்சனோ, 1934 டிசம்பரில் நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் இருந்தபோது, உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் சமய அனுபவங்களைப் பற்றி எழுதி 1902இல் வெளிவந்த நூலைப் படித்தார். முழுத் தோல்வியின் விளிம்பில் நிற்பவர்களுக்கே பெரும்பாலும் மனமாற்றம் நேர்கிறது என்பதையும், அது பல வழிகளில் நேரலாம் என்பதையும் அந்த நூலிலிருந்து அவர் எடுத்துக்கொண்டார். தம் இயலாமையை ஒப்புக்கொள்ளும் முதல் படியில் அந்த வாசிப்பின் சாயலை நான் காண்கிறேன்.

என்னை மிகவும் கவர்வது அடுத்து நடந்ததுதான். நியூயார்க் குழுவினர் 1937இலும், அக்ரன் குழுவினர் 1939இலும் ஆக்ஸ்ஃபோர்டு குழுவிலிருந்து பிரிந்தனர். 1939இல் வெளிவந்த தமது இயக்க நூலில், கடவுள் நம்பிக்கையற்ற உறுப்பினர்களின் வாதத்தைக் கேட்டு, கடவுள் என்ற சொல்லோடு ‘நாங்கள் புரிந்துகொண்டவாறு’ என்று சேர்த்தார்கள். ஏழாம் படியின் முன்வரைவில் இருந்த ‘முழங்காலிட்டு’ என்பதை நீக்கினார்கள். தம்மைக் காப்பாற்றிய நூல்களின் மீது அவ்வளவு பற்றுக் கொண்டிருந்தவர்கள், அவற்றை ஏற்காத ஒருவனும் பிழைக்க வேண்டும் என்பதற்காக இதைச் செய்தது பெரிய மனது என்றே சொல்வேன்.

கணவரையோ மகனையோ முதல் ஏ.ஏ. கூட்டத்துக்கு அனுப்பும் பெண்கள், ‘இது மதம் மாற்றும் இடமா சார்?’ என்று தயங்கிக் கேட்கிறார்கள். கூட்டத்தில் ஜெபத்தின் சாயலைக் கண்டு எழுந்து போய்விடுபவர்களும் உண்டு. வேரை மறைத்துப் பேசினால் இவர்களின் சந்தேகம் வலுப்படுமே தவிரத் தீராது. எங்கிருந்து வந்தது, எதை வைத்துக்கொண்டார்கள், யாருக்காக எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொன்னால் அந்தப் பெண்களுக்கு நேரான பதில் கிடைக்கும். ஆகவே, இந்த இயக்கத்தைப் பற்றித் தங்கள் நாளிதழ் மீண்டும் எழுதும்போது இந்த வாசிப்பு வரலாற்றையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பாளையங்கோட்டை.