கல்லணையைச் சொன்னீர்கள், மேலணையை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த கல்லணைக் கட்டுரையைப் படித்தேன். கரிகாலன் கட்டிய நாளிலிருந்து கைபடாமல் நின்று தஞ்சைக்குத் தண்ணீர் தருகிறது என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் காவிரித் தண்ணீரை நம்பி நடவு செய்கிறவன் நான். கைபடாமலே விட்டிருந்தால் எங்கள் வாய்க்காலில் என்றோ புல் முளைத்திருக்கும். கை பட்டதில் முக்கியமானது, கல்லணைக்கு மேலே முக்கொம்பில் உள்ள மேலணை.

கல்லணைக்கு வருகிறவர்கள் ஷட்டர் வரிசையைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த ஷட்டர்கள் வெள்ளைக்காரர் காலத்து வேலை. கரிகாலன் பெயரால் சொல்லப்படும் அணை, காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் விழாமல் தடுக்கும், சுமார் 1,080 அடி நீளமுள்ள வளைந்த கல்கட்டு. உள்ளே சுண்ணாம்புச் சாந்து கிடையாது, கல்லும் களிமண்ணும்தான். ஆற்று மணலில் அடித்தளம் தேடி யாரும் தோண்டவில்லை. கல்லைப் போட்டார்கள், அது தன் பாரத்தில் இறங்கியது, அதன்மேல் அடுத்த கல். இறங்குவது நிற்கும்வரை போட்டிருக்கிறார்கள் என்பார்கள். பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஆனால் 1800 வாக்கில் தஞ்சைக்கு வந்த கேடு கல்லணையில் பிறந்ததல்ல. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்குக் கிளையான கொள்ளிடத்துக்குச் சரிவு அதிகம், கடலுக்குக் கிட்டத்தட்ட நேர்வழி. தெற்குக் கிளையான காவிரியில் வருஷத்துக்கு வருஷம் மணல் படிந்து படுகை மேடேறியது. மேடேற மேடேற, வருகிற தண்ணீர் இன்னும் அதிகமாகக் கொள்ளிடத்துக்குத் திரும்பியது. கடைமடை காய்ந்தது. 1804-இல் வெள்ளைக்கார ராணுவப் பொறியாளர் கேப்டன் கால்டுவெல் வந்து ஆராய்ந்தார். கல்லணையின்மேல் கல் வைத்து 27 அங்குலம் உயர்த்தினார்கள். ஆறு பிரிவது மேலே முக்கொம்பில், கல் வைத்தது கீழே கல்லணையில்: தலைவலிக்குக் காலில் கட்டுப் போட்ட கதைதான். உயர்ந்த அணைக்குப் பின்னால் மணல் சேர்வது நிற்கவில்லை. மணலை அடியோடு தள்ளிவிட அடிமதகு வைக்கலாம் என்ற யோசனை மேஜர் சிம் சொன்னது.

வெள்ளைக்காரப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-இல் செய்தது, சண்டையைப் பிறந்த இடத்திலேயே தீர்த்தது. முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலைப்பிலேயே குறுக்கே ஓர் அணை, அதுதான் மேலணை. காவிரிக்குப் போக வேண்டிய தண்ணீர் போகும், வெள்ளம் வந்தால் அணைமேல் வழிந்து கொள்ளிடத்தில் இறங்கும். அதே நேரத்தில் கீழே அணைக்கரையில் கீழணை. வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு இன்றும் தண்ணீர் போவது அங்கிருந்துதான். அதில் ஒரு பங்கு சென்னைக்காரர்கள் குடத்தில் விழுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, காட்டன் கணக்கு கொஞ்சம் தப்பியது. மேலணை கட்டியபின் காவிரிக்குத் தண்ணீர் அளவுக்கு மீறி வரத் தொடங்கியது. படுகை அரித்தது, கரைகளுக்கு ஆபத்து. 1840-களில் மேலணையின் நடுப்பகுதியைத் தாழ்த்த வேண்டியிருந்தது. காவிரித் தலைப்பிலும் குறுக்கே கட்டி அளவுபடுத்த வேண்டியிருந்தது. கட்டினார்கள், ஆறு பதில் சொன்னது, திருத்தினார்கள். உங்கள் கட்டுரையில் இந்த வேலைக்கு ஒரு வரிகூட இல்லை. “கைபடாமல்” என்று எழுதினால் இதெல்லாம் காணாமல் போகத்தானே செய்யும்?

இதனால் கரிகாலனுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆழம் தெரியாத மணலில் எப்படி அடித்தளம் அமைப்பது என்பதைக் கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்து கற்றோம் என்று காட்டனே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அந்தப் பாடத்தோடுதான் கோதாவரிக்குப் போய் தவளேஸ்வரத்தில் 1847-இல் அணைக்கட்டைத் தொடங்கி 1852-இல் முடித்தார். தவளேஸ்வரத்தில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது.

நம் முக்கொம்பில் என்ன இருக்கிறது? பூங்கா இருக்கிறது. ஆடிப்பெருக்குக்குக் கூட்டம் இருக்கிறது. 2018 ஆகஸ்ட் 22 இரவு, அந்த மேலணையில், கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த 45 ஷட்டர்களில் 9 ஆற்றோடு போயின. அதற்குச் சில நாள் முன்புதான் திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் தூண் சரிந்து விழுந்திருந்தது. மணல் அள்ளியதுதான் காரணம் என்றார்கள் விவசாயிகள், அணைக்கு வயதாகிவிட்டது என்றது அரசுத் தரப்பு. மணல் மூட்டையும் பாறாங்கல்லும் கொட்டி உடைப்பை அடைக்க ஆட்கள் தண்ணீரில் நின்று பட்ட பாட்டைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். இப்போது பக்கத்திலேயே புதிய கதவணை எழுந்துவிட்டது. பழையது என்ன, எதற்காக வந்தது என்று வருகிறவருக்குச் சொல்ல ஆளில்லை.

நீர்வளத்துறைக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். முக்கொம்பில் ஆறு பிரியும் இடத்தில், 1804-இல் என்ன செய்தார்கள், 1836-இல் என்ன செய்தார்கள், 2018-இல் என்ன நடந்தது என்பதை வரைபடத்தோடு தமிழில் எழுதி ஒரு பலகை வையுங்கள். கட்டுரையாளருக்கும் ஒன்று: அடுத்த கட்டுரையை மேலணையிலிருந்து தொடங்குங்கள். ஷட்டரை ஏற்றி இறக்கிய பழைய லஸ்கர்கள் இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேட்டால், எந்த மதகில் எந்த வெள்ளத்துக்கு என்ன சத்தம் வரும் என்பதுவரை சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு டெல்டா விவசாயி,
லால்குடி வட்டம்.