டூபிங்கனில் கார் தேவையில்லை

டூபிங்கன், ஜெர்மனி

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே படிக்க வந்ததும் நீ கார் வாங்க வேண்டிவருமோ என்று அப்பா கவலைப்படுவதாக எழுதியிருந்தாய். வேண்டவே வேண்டாம் என்று சொல். நெக்கர் ஆற்றங்கரையில் உள்ள சின்ன ஊர் இது. பழைய நகரத்தை நடந்தே கடந்துவிடலாம். நம் ஊர் லைசென்ஸும் இங்கே குடியேறி ஆறு மாதம் வரைதான் செல்லும். அப்புறம் எழுத்துத் தேர்வு, ஓட்டிக் காட்டும் தேர்வு இரண்டிலும் தேற வேண்டும்.

முதலில் ஒரு பழைய சைக்கிள் வாங்கு. ஃபிரேமில் பொறித்திருக்கும் எண், விலை, தேதி, விற்பவர் பெயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள். திருட்டு வண்டியாக இருந்தால், நீ காசு கொடுத்திருந்தாலும் உரியவருக்கே போய்விடும்.

இங்கே நிறைய சைக்கிள்களில் பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பின்சக்கரத்தில் பிரேக் பிடிக்கும். நம் ஊரில் சும்மா பின்னுக்குச் சுற்றுவோமே, அதே பழக்கத்தில் சுற்றினால் வண்டி நடுத்தெருவில் சட்டென்று நின்றுவிடும். சிக்னலில் நின்றபின் பெடலைப் பின்னுக்குச் சுற்றி மேலே கொண்டுவரவும் முடியாது. அதனால் நிற்பதற்கு முன் கடைசி அரைச் சுற்றிலேயே வலது பெடல் மேலே வரும்படி பார்த்துக்கொள். செயின் கழன்றால் அந்தப் பிரேக் பிடிக்காது. கைப்பிடியில் இருக்கும் முன் பிரேக்கை வாரம் ஒருமுறை அழுத்திப் பார்.

டிசம்பரில் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரியாவிட்டால் 20 யூரோ அபராதம். ஓட்டிக்கொண்டே போனைக் கையில் எடுத்தால் 55, சிவப்பு சிக்னலைத் தாண்டினால் குறைந்தது 60. பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை; சைக்கிளுக்கும் இதே விதிதான். பூட்டும்போது ஃபிரேமையும் சேர்த்துக் கம்பியில் பூட்டு. சக்கரத்தை மட்டும் பூட்டினால், அதை விட்டுவிட்டு மீதியைத் தூக்கிப் போய்விடுவார்கள்.

பல்கலைக்கழகத்தின் அறிவியல் கட்டடங்கள் மோர்கன்ஸ்டெல்லே மேட்டில் இருக்கின்றன. பனி உறைந்த காலையில் அங்கே சைக்கிளில் ஏறாதே, பஸ் பிடி. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் சேர்த்து டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சீட்டு இருக்கிறது. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2026 ஜனவரியிலிருந்து 63. மாணவர்களுக்குச் சலுகை உண்டா என்று சேர்ந்ததும் விசாரி. மாதாமாதம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். நிறுத்துவதானால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும்.

ரயிலைப் பொறுத்தவரை, அந்த டிக்கெட் பக்கத்து ஊர்களுக்கிடையே ஓடும் சாதாரண ரயில்களில் மட்டும்தான் செல்லும். ஸ்டுட்கார்ட்டில் ஐ.சி.இ. என்ற வெள்ளை நிற நெடுந்தூர வேக ரயில் முன்னால் வந்து நின்றால் ஏறிவிடாதே. போன் சார்ஜ் இறங்கி டிக்கெட்டைக் காட்ட முடியாமல் போனால் 60 யூரோ அபராதம் எழுதிவிடுவார்கள். பிறகு கொண்டுபோய்க் காட்டினால் அதிகபட்சம் 7 யூரோவோடு முடியும். பாஸ்போர்ட்டோ அடையாள அட்டையோ எப்போதும் கூடவே இருக்கட்டும்.

ரயில் நின்றால் கதவு தானாகத் திறக்கும் என்று காத்திருக்காதே, பொத்தானை அழுத்து. பெட்டியில் நல்ல ரெயின்கோட் ஒன்று வை. சைக்கிளில் குடை உதவாது.

அன்புடன்,
அக்கா