எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறோம் என்று யாரும் கேட்பதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இதழில், இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள் எதைச் சாப்பிடலாம், எதைத் தவிர்க்கலாம் என்று ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். நல்ல கட்டுரைதான். ஆனால் எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

நானும் இனிப்புநீர் உள்ளவன்தான், பினாங்கின் பாயான் லெப்பாஸில் பேக்டரி வேலை பார்ப்பவன். மாலை ஷிப்ட் முடிந்து பதினோரு மணிக்கு வெளியே வந்தால் நாலைந்து பேராக மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) உட்கார்ந்துவிடுவோம். "தே தாரிக், கூராங் மானிஸ்" (இழுத்து ஆற்றிய பால் தேநீர், இனிப்புக் குறைவாக) என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, பருப்பும் மீன் குழம்பும் கலந்து ஊற்றிய ரொட்டி சானாய் இரண்டை முடிப்பேன். சீனியைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தாயிற்று, அவ்வளவுதான் என் கணக்கு. காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தால் 9 mmol/L-க்குக் கீழே இறங்காது.

இன்சுலினைச் சுரக்கும் கணையத்துக்கும் நேரம் காலம் உண்டு என்பது பிறகுதான் புரிந்தது. இருட்டிய பின் உடம்பில் தூக்கத்துக்கான ஹார்மோன் மெலடோனின் சுரக்க, இன்சுலின் சுரப்பு மந்தமாகிறது. அதே சோறு, அதே அளவு, காலையைவிட ராத்திரியில் சர்க்கரையை அதிகம் ஏற்றும். 2021இல் அமெரிக்காவில் 19 பேரை இரவு ஷிப்ட் போல விழிக்க வைத்துச் சோதித்தார்கள். ராத்திரியும் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை சராசரியாக 6.4 விழுக்காடு கூடியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை.

இப்போது ஏழரை மணி இடைவேளையிலேயே வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுவிடுகிறேன். மாமாக்கில் தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) மட்டும். நண்பர்கள் இரண்டு வாரம் கேலி செய்தார்கள், அப்புறம் அலுத்துவிட்டது. மாத்திரை அதேதான், காலை அளவு 7-ஐ ஒட்டி வருகிறது.

24 மணி நேரச் சாப்பாட்டுக் கடைகள் வேண்டாம் என்று பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 2024இல் சொன்னபோது சிரித்தவன் நான். கடையை மூடுவதில் இன்றும் எனக்கு உடன்பாடில்லை. ராத்திரி வேலை பார்ப்பவன் பசித்தால் எங்கே போவான்? ஆனால் இத்தனை வருடமாக கிளினிக்குக்குப் போகிறேன், "ராத்திரி சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

அடுத்த முறை ஓர் உணவியல் நிபுணரிடம் எங்களுக்காக எழுதி வாங்குங்கள். விடிகாலை இரண்டு மணிக்கு, கேன்டீனில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) தவிர வேறெதுவும் இல்லாதபோது என்ன செய்வது? சாப்பாட்டோடு போடச் சொன்ன மாத்திரையை, இரவு ஷிப்ட் வாரத்தில் எந்தச் சாப்பாட்டோடு போடுவது?

இப்படிக்கு,
ஷிப்ட் வேலை வாசகர்,
பினாங்கு